நெஞ்சின் பேரேடு

செங்காங்கில் வடகிழக்குப் பாதை ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, ரோச்சோர் கால்வாயைக் கடந்து செலிகி சாலைக்கு வருகிறவர்கள், அங்கே முனையில் நிற்கும் பழைய கட்டடத்தின் நெற்றியில் 1924 என்ற ஆண்டும் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றும் பொறிக்கப்பட்டிருப்பதை என்றேனும் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். முருகனுக்குரிய அறுகோணச் சக்கரத்தைப் பூஜையறையில் கண்டு பழகிய நமக்கு அந்த வடிவம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. நானும் பல ஆண்டுகள் அதை யாரோ ஒரு முருக பக்தர் கட்டிய கடைவீடு என்றே எண்ணியிருந்தேன். ஐசக் எலிசன் என்ற யூதர் எழுப்பிய கட்டடம் அது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வாட்டர்லூ தெரு வந்துவிடும். 1870-இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், 1884-இல் தோன்றிய குவான் இம் கோயிலும் உள்ள அதே தெருவில், 1878-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மகாயின் அபோத் என்ற யூத ஜெபாலயமும் இருக்கிறது. பாக்தாதிலிருந்து கல்கத்தா, பம்பாய் முதலிய துறைமுகங்களின் வழியாக வந்து குடியேறிய யூதர்கள், வாட்டர்லூ தெரு, மிடில் ரோடு, செலிகி ஆகியவற்றை அடக்கிய அந்தப் பகுதியை 'மஹல்லா' என்று அழைத்தார்கள். பேட்டை என்பதற்கு அரபு மொழியில் உள்ள சொல் அது.

மகாயின் அபோத் என்றால் பிதாக்களின் கேடயம் என்று பொருள். அந்தப் பிதாக்கள் தம் சந்ததிக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் வேதத்தையும் விரத அநுஷ்டானங்களையும் உலகம் ஓரளவு அறியும். ஆனால் மனிதன் தன் ஸ்வபாவத்தைத் தானே எடுத்துப் பார்த்து, எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று கணித்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்வதற்கென்று அவர்கள் வகுத்த சாஸ்திரம் ஒன்று இருப்பதும், அதற்கு 'முஸார்' என்று பெயர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. ஒழுக்கம், கண்டித்துத் திருத்துதல் என்ற இரு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு.

எபிரேய மொழியில் ஒருவனுடைய குணத்தைக் குறிக்கும் சொல் 'மித்தா', பன்மையில் 'மித்தோத்'. அச்சொல்லின் நேர்ப்பொருள் அளவு என்பதே. துணியையும் பலகையையும் அளப்பதற்குரிய சொல், கோபத்துக்கும் பொறுமைக்கும் ஈகைக்கும் நாணத்துக்கும் அப்படியே வழங்குகிறது. நம் குறளின் அதிகாரப் பெயர்களை இதனோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலப்படும். அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்னும்போது நற்குணம் ஓர் உடைமையாகிறது. உடையவன் ஒருவன், இல்லாதவன் மற்றொருவன். யூத ஆசிரியர்களின் பார்வையிலோ கோபமே இல்லாத மனிதனும் இல்லை, கருணையே இல்லாத மனிதனும் இல்லை. எல்லாச் சரக்கும் எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது, உப்பின் அளவும் புளியின் அளவும்தான் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. தன்னைக் கெட்டவன் என்று நொந்துகொண்டு உட்கார்ந்துவிடும் மனச்சோர்வுக்கும், தான் நல்லவன் என்று இறுமாந்திருக்கும் மயக்கத்துக்கும் இந்த ஒரு சொல்லே மருந்தாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த அளவுக் கொள்கைக்குத் தர்க்க ரூபம் கொடுத்தவர், ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் அரச வைத்தியராக வாழ்ந்து, 1204-இல் மறைந்த மைமோனிடீஸ் என்னும் பேரறிஞர். உடலின் நோய்க்கு மருந்து கொடுத்தவர் ஆதலால் உள்ளத்தின் நோயையும் அவர் வைத்தியன் கண்ணாலேயே நோக்கினார். ஒவ்வொரு குணத்திலும் நடுநிலையே ஆரோக்கியம். ஒருபுறம் சாய்ந்துவிட்டவன், சிலகாலம் மறுபுறத்தின் எல்லைவரை சென்று பழகிவிட்டுப் பின்னர் நடுவுக்கு மீள வேண்டும் என்பது அவர் சிகிச்சை. உலோபிக்கு அவர் சொல்லும் வழி மிக நுட்பமானது. ஆயிரம் பொற்காசுகளை ஒருவனுக்கு ஒரே முறையில் கொடுப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு காசாக ஆயிரம் முறை கொடுப்பது மேல் என்கிறார் அவர். பெறுகிறவன் நன்மையைக் கருதியிருந்தால் முன்னதே சிறந்ததாகலாம். ஆனால் இங்கே வைத்தியம் கொடுக்கிறவனுக்கு. கை ஆயிரம் முறை திறந்து பழகினால் அல்லாமல் நெஞ்சு திறக்காது என்பது அவர் கண்ட உண்மை.

நடுநிலையை இவ்வளவு வற்புறுத்திய அவரே, செருக்கு, சினம் ஆகிய இரண்டுக்கு மட்டும் விலக்கு வைத்து, அவ்விரண்டிலிருந்தும் மனிதன் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுக என்று விதித்தார். வள்ளுவரும் வெகுளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆனால் அதை இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பொறுத்தல் இல்லத்தானுக்கு, சினமே எழாமை துறவிக்கு என்ற பாகுபாடு அதில் தொனிக்கிறது. துறவறத்தைப் பொதுநெறியாக ஏற்காத யூத சமயத்தில் அந்தப் பாகுபாட்டுக்கு இடமில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்து, சந்தையில் பேரம் பேசி, கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சம்சாரியே சினத்தை வெல்ல வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. எது கடினம் என்று கேட்டால், காட்டில் இருப்பவனை விடச் செங்காங்கில் பதினான்காம் மாடியில், மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தத்தின் கீழ் இருப்பவனுக்குத்தான் கடினம் என்பேன்.

இனி, தலைப்பில் சொன்ன பேரேட்டுக்கு வருகிறேன். 1808-இல், போலந்து யூத உலகில் வாழ்ந்த மெனாகெம் மெண்டல் லெஃபின் என்பவர், 'ஹெஷ்போன் ஹனெஃபெஷ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். ஆன்மாவின் கணக்கு என்பது அதன் பொருள். பதின்மூன்று குணங்களைத் தேர்ந்து, வாரத்துக்கு ஒரு குணமாக எடுத்துக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் அதன்மேலேயே சிரத்தை வைத்து, தவறிய போதெல்லாம் ஏட்டில் கட்டம் போட்டுப் புள்ளி குத்திவர வேண்டும். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று வரும். இந்த முறை லெஃபின் தாமாகக் கண்டதன்று. மின்னலை ஆராய்ந்தவரும் அமெரிக்கச் சுதந்திரத்துக்கு உழைத்தவருமான பெஞ்சமின் பிராங்க்ளின், தம் சுயசரிதையில் விவரித்திருக்கும் பதின்மூன்று குணங்களின் அட்டவணையே அதற்கு மூலம். பிலடெல்பியாவின் அச்சுக்கூடத்துக்காரர் ஒருவருடைய குறிப்பேடு, கடல் கடந்து கிழக்கு ஐரோப்பாவின் யூதப் பாடசாலைக்குள் நுழைந்து எபிரேய உடை பூண்ட விந்தையை நினைக்கும்போது, நல்ல முறைக்குக் குலம் கோத்திரம் விசாரிக்காத அந்த ஆசிரியர்களின் விசால மனம் புலப்படுகிறது.

ஹெஷ்போன் என்ற சொல்லைத் தமிழில் பெயர்க்கும்போது என் நினைவு மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளுக்குத் தாவுகிறது. ஒரு காலத்தில் அங்கே நகரத்தார் வரிசையாகப் பெட்டியடியில் அமர்ந்து, அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, காலம் வந்ததும் ஐந்தொகை எடுத்தார்கள். ஒரு காசு இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் ஏட்டை மூட மனம் வராது. காசுக்கு நாம் காட்டிய அந்தச் சிரத்தையைச் சினத்துக்கும் பொறாமைக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பதுதான் இந்த நூல். வாணிகத்தில் தேர்ந்த இரு சமூகங்களுக்கும் இது எளிதில் விளங்கக்கூடிய பாஷை.

லெஃபினின் நூலை 1845-இல் வில்னா நகரில் மறுபதிப்புச் செய்வித்துப் பரப்பியவர் இஸ்ரேல் சலாந்தர். லிதுவேனியாவில் பிறந்து 1883-இல் மறைந்த இவரையே முஸார் இயக்கத்தின் மூலபுருஷராகக் கொள்கிறார்கள். வேதத்தைத் துறைபோகக் கற்றவர்களும், விரதங்களில் அணுவளவும் பிழை செய்யாதவர்களும், பக்கத்து வீட்டானிடமும் வேலைக்காரியிடமும் கடுகடுத்து நடந்துகொள்வதைக் கண்டு அவர் உள்ளம் வெதும்பியது. அவரைப் பற்றி வழங்கும் கதைகள் பல. அவற்றுள் ஒன்று என் மனத்தை விட்டு நீங்காதது. பஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லாத அப்பம் சுடும் இடத்தைக் கண்காணிக்க வேண்டிய அவர் ஓராண்டு போக முடியாமற் போகவே, எதில் முக்கியமாகக் கவனம் வைக்க வேண்டும் என்று சீடர்கள் கேட்டார்களாம். மாவில் நீர் பட்ட நேரம், அடுப்பின் சூடு என்று சாஸ்திர நுணுக்கங்களை எதிர்பார்த்து நின்றவர்களிடம், அங்கே மாப்பிசையும் பெண் ஒரு விதவை, அவசரத்தில் அவளை அதட்டிவிடாதீர்கள் என்றாராம். கதை நடந்ததோ, பின்னவர் புனைந்ததோ, இயக்கத்தின் உயிர்நிலை இதில் இருக்கிறது.

அறிவு வேறு, ஸ்வபாவம் வேறு என்பதை அவர் அழுத்தமாக உணர்ந்திருந்தார். சினம் தீது என்பதை அறியாத சினத்தன் உலகில் உண்டோ? அறிந்த பொருள் நெஞ்சின் இருண்ட ஆழத்துக்குள் இறங்க வேண்டுமானால், நீதிநூலின் ஒரே வாக்கியத்தை உரத்த குரலில், இசையோடு, உணர்ச்சி பெருகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று அவர் விதித்தார். அதற்கென்றே வணிகர்களும் தொழிலாளிகளும் மாலையில் வந்து அமரத் தனி மண்டபங்கள் அமைய வேண்டும் என்று முயன்றார். படித்தல் என்ற சொல்லோடு ஓதுதல் என்ற வேறொரு சொல்லையும் வைத்திருக்கும் நமக்கு, தேவாரத்தைப் பண்ணோடு ஓதி உருகும் வழக்கத்தைக் கண்ட நமக்கு, இந்த உபாயத்தை விளக்கவேண்டியதில்லை. நம் வழக்கில் ஓர் ஔஷதமோ விரதமோ ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கைக்கொள்ளப்படுகிறது. அவர்களோ பஸ்காவின் இரண்டாம் இரவு தொடங்கி நாற்பத்தொன்பது நாளை ஒவ்வொன்றாக எண்ணி, ஏழு குணங்களை ஏழேழாகப் பின்னிச் சிந்திக்கும் வழக்கம் ஒன்றையும் ஞானமார்க்கத்தாரிடமிருந்து பெற்றிருக்கிறார்கள். குணம் பழுக்க ஏறத்தாழ ஏழு வாரம் வேண்டும் என்பதில் இரு திசையும் ஒன்றுபட்டது தற்செயலாகவே இருக்கலாம்.

சலாந்தருக்குப் பின் இயக்கம் கிளைத்தது. கெல்ம் ஊரார் ஒழுங்கையும் நிதானத்தையும் வற்புறுத்தினார்கள். ஸ்லபோத்கா ஊரார் மனிதனின் மகத்துவத்தை நினைவூட்டியே அவனைச் சிறுமையிலிருந்து மீட்கலாம் என்றார்கள். நவர்தோக் ஊராரின் வழி விபரீதமானது. அங்கே பயின்ற மாணவன் மருந்துக்கடைக்குச் சென்று ஆணி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்! கடைக்காரனும் கூடியிருப்போரும் நகைக்கும் நகைப்பைத் தாங்கி நின்று பழகினால், பிறர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம் அற்றுப்போகும் என்பது தத்துவம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நகைப்புக்கு அஞ்சாமை வேறு, நகைப்பைத் தேடிச் செல்லுதல் வேறு. பின்னதில் நுண்ணிய அகங்காரம் ஒன்று பதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது. ஆயினும் சபையில் தமிழ் பேசக் கூசி நிற்கும் நம் இளைஞர் சிலரைக் காணும்போது, அவர்களை ஒரு வாரம் நவர்தோக்குக்கு அனுப்பலாமோ என்ற எண்ணம் எழாமலும் இல்லை.

1941-இல் ஜெர்மானியப் படை லிதுவேனியாவுக்குள் புகுந்தபின் அந்தப் பாடசாலைகளும், அவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அழிந்தார்கள். தப்பியவர்கள் எருசலேமுக்கும் அமெரிக்காவுக்கும் அந்தத் தீபத்தைக் கொண்டுபோனார்கள். இக்காலத்தில் அதைப் பாடசாலைக்கு வெளியே, சாமானிய மக்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் கனடா நாட்டு ஆலன் மொரினிஸ். இவர் ஆக்ஸ்போர்டில் செய்த ஆராய்ச்சி, வங்காளத்து இந்துக்களின் தீர்த்த யாத்திரையைப் பற்றியது என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. பிறர் யாத்திரையை ஆராய்ந்தவர், நடுவயதில் தம் முன்னோரின் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

சிங்கப்பூரின் யூதர்கள் பாக்தாதி மரபினர். லிதுவேனியரின் முஸார் மண்டபம் இங்கே தோன்றியதாகக் கொள்வதற்கில்லை. அவர்கள் நோக்கியிருந்தது, 1909-இல் மறைந்த பாக்தாத் நகரத்து யோசேப் ஹய்யிம் போன்ற பெரியோரை. பென் இஷ் ஹை என்று தம் நூலின் பெயராலேயே வழங்கப்படும் அவர், பண்டிதர்க்கு மட்டுமன்றி, இல்லத்துப் பெண்களுக்கென்றே அவர்கள் பேசும் யூத-அரபு மொழியில் கதைகளும் உவமைகளும் நிறைந்த நீதிநூல் ஒன்று எழுதினார். ஆகவே ஏடும் புள்ளியும் இல்லாவிட்டாலும் மித்தோத் என்னும் அளவுகள் இங்கும் வீடுதோறும் பேசப்பட்டன. ஆக்ஸ்லி ரைஸில் 1905-இல் மனாசே மேயர் கட்டிய இரண்டாம் ஜெபாலயத்தின் பெயரே ஒரு குணத்தின் பெயர்: 'செசெத்-எல்', இறைவனின் பேரருள். செசெத் என்பது கடமைக்கு மேற்பட்டுப் பெருகும் அன்பு. அதன் பக்கத்தில் அவர்கள் வைக்கும் மற்றொரு சொல் 'செதாக்கா'. தர்மம் கொடுப்பதைக் குறிப்பது அதுவே ஆயினும், அதன் வேர்ப்பொருள் நீதி. ஏழைக்குக் கொடுத்தவன் உபகாரம் செய்தவன் அல்லன், நியாயம் செய்தவன். தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்த மைமோனிடீஸ், ஒருவனுக்குத் தொழிலோ கடனோ கூட்டோ அளித்து இனி அவன் கையேந்தாதபடி செய்வதையே உச்சிப்படியில் வைத்தார். ஆசியாவில் பெயர் பெற்ற பாக்தாதிச் செல்வர் சிலர் அபினி வாணிகத்திலும் பொருள் ஈட்டினார்கள் என்பதை இங்கே மறைப்பது முறையன்று. ஐந்தொகையில் அந்தப் பக்கமும் இருக்கிறது. செலவுப் பத்தியின் தர்மம் வரவுப் பத்தியை அழித்துவிடுவதில்லை.

அளவு என்ற இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷலை நோக்குவது பயனுடையது. 1908-இல் இங்கே பிறந்த பாக்தாதி யூதர், வழக்கறிஞர், யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதியாகி ஹொக்கைடோவின் சுரங்கத்தில் உழன்றவர், திரும்பிவந்து யூதர் நல வாரியத்தின் தலைவரானவர். 1955 ஏப்ரலில் பதவியேற்றதும், எவரும் வந்து குறை சொல்லலாம் என்று மக்களைச் சந்திக்கும் கூட்டத்தைத் தொடங்கினார்; இன்று செங்காங்கில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து நம் முறைக்காகக் காத்திருக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு விதை அங்கே இருக்கிறது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழுக்கும் கல்வியில் சம ஸ்தானம் வேண்டும் என்று அனைத்துக் கட்சிக் குழு 1956-இல் பரிந்துரைத்ததும் அவர் ஆட்சியிலேயே. அவரிடம் செசெத் ததும்பி வழிந்தது. பொறுமையோ குறைவாகத்தான் இருந்தது என்று அவரை மதித்தவர்களும் சொல்வார்கள். பொங்கியெழும் பேச்சுக்குப் பேர்போனவர். ஆனால் சுயாட்சி பெறாமல் திரும்பினால் பதவி விலகுவேன் என்று சொல்லிவிட்டு லண்டன் சென்றவர், பேச்சுவார்த்தை முறிந்ததும் 1956 ஜூனில் சொன்னபடியே விலகினார். நிதானமுள்ள ராஜதந்திரி அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்கவே மாட்டான் என்று வாதிக்கலாம். கொடுத்த வாக்கை விழுங்குவதற்கு நிதானத்தையே சாக்காகக் கொள்பவர்களை நாம் பார்த்திருப்பதால், அந்த வாதத்தில் எனக்கு ருசி இல்லை. ஓர் அளவு குறைந்த இடத்தில் மற்றோர் அளவு மிகுந்து நின்று மனிதனைத் தாங்கியது என்பதே சரி.

முஸார் நெறியில் நாவுக்குத் தனி இடம் உண்டு. இஸ்ரேல் மேயிர் ககான் 1873-இல் வெளியிட்ட 'ஹபெத்ஸ் ஹய்யிம்' முழுவதும் புறங்கூறுதலைப் பற்றியது. சொல்வது உண்மையாகவே இருப்பினும் அதனால் ஒருவனுக்குத் தீங்கு வருமானால் சொல்லலாகாது. காதுகொடுத்துக் கேட்டவனுக்கும் பங்கு உண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரத்தில் அடக்கியதை அவர் சட்டநூல் போல விதிவிதியாக விரித்தார்.

செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்ன என்ற இடத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பு என்னை மிகவும் கவர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் யோம் கிப்பூர் என்ற உபவாச நாள், கடவுளுக்குச் செய்த பிழைகளைத்தான் கழுவும். மனிதனுக்குச் செய்த பிழையை, அந்த மனிதனிடமே சென்று அவன் மனத்தை ஆற்றினால் ஒழியக் கடவுளும் மன்னிப்பதில்லை. அவன் மறுத்தால் மீண்டும் போக வேண்டும். மூன்று முறை வரை போக வேண்டும் என்கிறார் மைமோனிடீஸ்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நானும் ஒரு குறிப்பேடு வாங்கினேன். சினம் என்ற ஒரே தலைப்பு. முதல் வாரம் ஆறு புள்ளிகள் விழுந்தன. இரண்டாம் வாரம் பதினொன்று. சினம் வளர்ந்துவிட்டதோ என்று அஞ்சிப் பின்னர்தான் உணர்ந்தேன்: முதல் வாரத்தில் கண்ணுக்குப் படாமல் போனவற்றை இரண்டாம் வாரத்தில் கண் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பதினொன்றில் ஒன்று, எங்கள் நடைவழியில் குடியிருக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம், அவருடைய செடித்தொட்டிகள் வழியை அடைப்பதாக நான் பாய்ந்து பேசியது. தொட்டிகள் வழியை அடைக்கத்தான் செய்தன. ஆனால் புள்ளி என் பக்கத்தில் விழுந்தது. மறுநாள் மாலை அவர் கதவைத் தட்டினேன், வீட்டில் இல்லை. அடுத்த நாள் இருந்தார். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியம் பாதி கூடச் செல்லவில்லை. "அங்கிள், அன்றைக்கு நான்..." என்றதும் கையை அசைத்து நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கத்தரியோடு வந்து, தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒரு கொத்து நறுக்கி என் கையில் கொடுத்தார். கறிவேப்பிலை.

மூன்றாம் முறை போகத் தேவை நேரவில்லை. தொட்டிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.